பைக் ஏன் இப்படி அதிருது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக் வழக்கத்துக்கு மாறாக அதிர ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது, “எதை மாத்தணும்?” காசு வீணாவது அங்கேதான் தொடங்குகிறது. செயின் கிட் மாற்றி, டயர் மாற்றி, கடைசியில் லூசான ஒரு போல்ட்டில் போய் முடிந்த கதைகள் நிறையக் கேட்டாயிற்று. எதை மாற்றுவது என்பதற்கு முன்னால், அதிர்வு எதோடு சேர்ந்து கூடுகிறது, எதோடு சேர்ந்து குறைகிறது என்று பார்க்க வேண்டும். அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். இறுக்கம், இடைவெளி போன்ற அளவுகளுக்கு உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே இறுதி.

1. பைக்குன்னா அதிரத்தானே செய்யும்? இது நார்மலா, கோளாறான்னு எப்படித் தெரியும்?

போன வாரம் இல்லாதது இந்த வாரம் இருந்தால் கோளாறு. வாங்கிய நாளிலிருந்தே இருந்தால் பெரும்பாலும் அது எஞ்சினின் சுபாவம். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்குவதால் வரும் விசையை, கிராங்கில் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டில்) இருக்கும் எதிர் எடையால் மட்டும் முழுக்கச் சமன் செய்ய முடியாது. மேல்கீழ் ஆட்டத்தைக் குறைத்தால் அது முன்பின் ஆட்டமாகக் கிளம்பும். அதற்காகத்தான் கிராங்குக்கு எதிர்த் திசையில், அதே வேகத்தில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் வைக்கிறார்கள். பழைய 350 சிசி புல்லட்டில் அது கிடையாது. 2020இல் மீட்டியாருடன் வந்த ராயல் என்ஃபீல்டின் 349 சிசி எஞ்சினில் உண்டு. இரண்டையும் ஓட்டியவர்களுக்கு வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

நாலு சிலிண்டர் வரிசை எஞ்சினில் பிஸ்டன்கள் ஒன்றின் விசையை மற்றொன்று அடித்துவிடும். ஆனால் கிராங்கின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் வரும் சிறு விசை மிஞ்சும். உயர் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) கை கூசுகிற மாதிரி மெல்லிய ரீங்காரம் அதனால்தான். இரட்டை சிலிண்டரில், இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்கும் 360 டிகிரி கிராங்க் ஒற்றை சிலிண்டர் மாதிரியே உதறும். ஒன்று ஏற ஒன்று இறங்கும் 180 டிகிரியில் அந்த விசை அடிபட்டுப் போகும், பதிலுக்கு எஞ்சின் பக்கவாட்டில் ஊசலாடப் பார்க்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதே மாடல், அதே வயதுள்ள இன்னொரு வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

2. எங்கேயிருந்து பார்க்க ஆரம்பிக்கிறது? ஒண்ணுமே பிடிபடல.

வண்டியில் கை வைக்காமல், ஓட்டியே பாதி வேலையை முடிக்கலாம். ஆளில்லாத, நேரான, நல்ல சாலை வேண்டும். அதிர்வு நன்றாகத் தெரியும் வேகத்துக்குப் போங்கள். ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டே கிளட்ச்சைப் பிடியுங்கள். எஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்கிவிடும், சக்கரம் அதே வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் டயர், வீல், வீல் பேரிங் பக்கம் பாருங்கள். சட்டென்று நின்றுவிட்டால் எஞ்சின், அல்லது எஞ்சினின் இழுவையைச் சுமக்கும் செயின் பக்கம். கிளட்ச்சைத்தான் பிடிக்க வேண்டும். ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துப் பார்ப்பது ஆபத்து.

அடுத்து, அதே வேகத்தை ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். சாலை வேகம் மாறவில்லை, எஞ்சின் வேகம் கூடியிருக்கிறது. நாலாவது கியரில் 60இல் வந்த அதிர்வு மூன்றாவதில் 45லேயே வந்தால், அது ஆர்பிஎம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது: எஞ்சின் விஷயம். எந்தக் கியரானாலும் 60இல்தான் வருகிறது, ஆனால் கிளட்ச் பிடித்தால் போய்விடுகிறது என்றால் செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், பின் ஹப்பில் செயின் இழுப்பின் இடியைத் தாங்கும் கப்ளிங் ரப்பர்.

மூன்றாவதாக, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் எஞ்சினோ, அதோடு பிணைந்த ஏதோ ஒன்றோ. ஓடும்போது மட்டும், அதுவும் முறுக்கும்போது மட்டும் வந்தால் எஞ்சினை ஃபிரேமோடு பிணைக்கும் எஞ்சின் மவுண்ட், செயின் இரண்டையும் சந்தேகப்படலாம். காற்றில் குளிரும் எஞ்சினை நின்ற இடத்தில் வெகுநேரம் முறுக்காதீர்கள், சில நொடிகள் போதும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்று சோதனைகளையும் நீங்கள் செய்துவிட்டதாக வைத்துக்கொண்டு எழுதியவை.

3. என் வண்டியில ஆர்பிஎம் மீட்டரே இல்லையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதிர்வின் வேகத்தை உடம்பே சொல்லிவிடும். நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் நொடிக்கு 83. இவ்வளவு வேகமான அதிர்வு கைக்கு விர்ரென்ற கூச்சமாகத்தான் தெரியும். சக்கரம் அப்படியில்லை. சாதாரண 17, 18 அங்குல சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது, ஆக சக்கரம் நொடிக்கு எட்டு சுற்றுக்குச் சற்று மேல்தான். அது கூச்சமாக இருக்காது, தடதடவென்ற குதிப்பாகவோ ஆட்டமாகவோ இருக்கும். வேகத்தை 20க்குக் குறைத்தால் நொடிக்கு மூன்றுக்கும் கீழே வந்துவிடும், வாய்விட்டே எண்ணலாம்.

செயின் பக்கம் கணக்கு இன்னும் சுவாரசியம். பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல், முன்னால் 14 பல், செயினில் 120 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். அதே 60இல் முன் ஸ்ப்ராக்கெட் நொடிக்கு 25 சுற்று சுற்றும். செயின் முழுசாக ஒரு வலம் வர நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும், அதாவது நொடிக்கு மூன்று வலம். பின் ஸ்ப்ராக்கெட் கோணினால் சக்கரத்தின் தாளத்தில் இடிக்கும். செயினில் ஒரு இடம் மட்டும் இறுகியிருந்தால் சக்கரத்தைவிட மெதுவான தாளத்தில், இழுத்து விடுகிற மாதிரி வரும். சக்கரம் மூன்று சுற்று சுற்றுவதற்குள் ஒரு இழுப்பு என்றால் செயின்தான்.

4. சர்வீஸ் விட்டு எடுத்ததிலிருந்துதான் இப்படி. என்ன பண்ணிட்டாங்க?

பில்லை எடுத்துப் பாருங்கள். எதைக் கழற்றி மாட்டினார்களோ அங்கேயே தேடலைத் தொடங்குங்கள். செயினைச் சரிசெய்திருந்தால் பின் சக்கரம் நேராக இருக்கிறதா, ஆக்சில் நட் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கையில்) இரு பக்கமும் இருக்கும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம், அவையே சில வண்டிகளில் சரியாக ஒத்துப்போவதில்லை. பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஸ்ப்ராக்கெட்டின் பல் வழியாகச் செயின் நேர்கோட்டில் போகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சைலன்சரைக் கழற்றியிருந்தால் கேஸ்கெட், கிளாம்ப் இறுக்கம். டேங்கைத் தூக்கியிருந்தால் அதன் அடியிலிருக்கும் ரப்பர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா. இந்த மாதிரி அதிர்வு பெரும்பாலும் பாகம் கெட்டதால் வருவதில்லை, ஒன்று விட்டுப்போனதால் வருகிறது. “ஆயில் மாத்தினதாலதான் அதிருது” என்பதை நான் லேசில் நம்ப மாட்டேன். ஆயிலால் கியர் விழும் விதமும் சத்தமும் மாறலாம், வண்டியே உதறுவதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

5. புது டயர் போட்டதும் 60க்கு மேல தடதடங்குது. டயரே மோசமா?

டயரைக் குறை சொல்லும் முன் அது ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் ஓரத்தில், ரிம்மை ஒட்டி வட்டமாக ஒரு மெல்லிய கோடு ஓடும். ரிம்மின் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு இடத்தில் கோடு ரிம்முக்குள் முங்கிக் கிடந்தால் டயர் அங்கே ஏறவில்லை. காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது பேலன்சிங். பல டயர்களில் எடை குறைந்த இடத்தை ஒரு மஞ்சள் புள்ளி காட்டும், அது வால்வுக்கு நேராக வர வேண்டும். பத்து கிராம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ரிம்மின் விளிம்பில் ஒட்டிய பத்து கிராம், 100 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடைக்கு ஈடான விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும், ஒவ்வொரு சுற்றிலும். 50இல் அதே பத்து கிராமின் இழுப்பு நாலில் ஒரு பங்குதான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. “மெதுவா போனா ஒண்ணுமில்ல, வேகம் எடுத்தா தாங்கல” என்பதன் விளக்கம் இதுதான். ரிம்மில் ஏற்கெனவே இருந்த எடைத்துண்டு டயர் மாற்றும்போது பெயர்ந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பசை ஒட்டியிருந்த தடம் தெரியும்.

6. வீல் கோட்டம் இருக்கான்னு வீட்லயே பார்க்க முடியுமா?

முடியும். சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். ஒரு பென்சிலையோ ஒயர் துண்டையோ ஃபோர்க்கில் அல்லது ஸ்விங் ஆர்மில் டேப்பால் கட்டி, நுனி ரிம்மை உரசாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவது பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் ஒரு தடவை, மேல்கீழாக ஒரு தடவை பாருங்கள். பல மேனுவல்களில் இரண்டுக்கும் 2 மி.மீ. எல்லை. பின் சக்கரத்தைச் சுற்றும்போது எஞ்சின் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். ஓடும் செயினில் விரல் போன கதைகள் இந்த வேலையில்தான் நடக்கின்றன.

ஸ்போக் வீல் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கமானது ‘டிங்’ என்று பேசும், தளர்ந்தது ‘டொக்’ என்று செத்த சத்தம் போடும். தளர்ந்ததைக் கண்டதும் நீங்களே முறுக்கிவிடாதீர்கள். ஒரு பக்கம் இழுத்தால் ரிம் அந்தப் பக்கம் சாயும். அலாய் வீல் கோணியிருந்தால் சூடாக்கித் தட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. விரிசல் விட்டதில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

சக்கரம் மேலே இருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து மாற்றி மாற்றி அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் போயிருக்கிறது.

7. செயினை டைட் பண்ணினா நின்னுடும்னு சொல்றாங்க, உண்மையா?

தளர்ந்த செயினால் வந்ததென்றால் நிற்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் புதிதாக ஒன்று வரும். பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயினின் இழுவை கூடும். நிற்கும்போதே தம்புரா கம்பி மாதிரி இறுக்கி வைத்தால், இரண்டு பேர் உட்கார்ந்ததும் அது முன் ஸ்ப்ராக்கெட்டின் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். விர்ரென்ற ஒரு சத்தத்தோடு ஃபுட்ரெஸ்ட்டில் அதிர்வு தெரியும்.

தளர்வை ஒரே இடத்தில் அளக்காதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுகிய இடத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும். இறுகிய இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் நிறைய வித்தியாசம் இருந்தால் அந்தச் செயினைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சீக்கிரம் தேயும். கண்ணி மடங்காமல் முடிச்சு போல நிற்கிறதா என்று கீழ்ப்பக்கத்தைக் கவனியுங்கள்.

பின் ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகிப் பார்த்தால் கப்ளிங் ரப்பரின் நிலை தெரியும். சக்கரம் அசையாமல் ஸ்ப்ராக்கெட் மட்டும் தாராளமாக ஆடினால் ரப்பர் நசுங்கிவிட்டது. முறுக்கும்போதும் விடும்போதும் ‘டக்’ என்று ஒரு இடி வருவதும் அதன் அடையாளம்.

8. எஞ்சின் மவுண்ட் போல்ட்டுன்னு சொல்றாங்களே, அது லூசானா தெரியுமா?

கண்ணுக்குத் தெரியும் தடயம் உண்டு. போல்ட்டின் தலையைச் சுற்றி, மவுண்ட் தகடு ஃபிரேமைத் தொடும் இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருக்கிறதா பாருங்கள். இரும்பும் இரும்பும் நுணுக்கமாக உரசினால் வரும் தூள் அது. பெயிண்ட் வளையமாகத் தேய்ந்து வெள்ளையாகப் பளபளப்பதும் அதே கதை. போல்ட் இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே முறிந்திருக்கலாம், அதனால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது நல்லது. மேனுவல் சொல்லும் இறுக்கம் வராமல் சுற்றிக்கொண்டே போனால் மரை போய்விட்டது என்று பொருள்.

ஒன்றை மட்டும் ஓங்கி இறுக்குவதால் பிரச்சினை இடம் மாறுமே தவிர தீராது. எல்லா மவுண்ட்டையும் தளர்த்தி, எஞ்சின் தன் இடத்தில் இயல்பாக உட்கார்ந்த பிறகு, மேனுவல் சொல்லும் வரிசையில் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினும் ஃபிரேமும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே இருக்கும்.

ரப்பர் மவுண்ட் உள்ள வண்டிகளுக்கு வேறு கணக்கு. 1967இல் வந்த நார்ட்டன் கமாண்டோவில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்விங் ஆர்ம் மூன்றையும் சேர்த்து ரப்பரில் தொங்கவிட்டார்கள். பக்கவாட்டு இடைவெளியை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். இடைவெளி குறைந்தால் அதிர்வு ஃபிரேமுக்கு ஏறும், கூடினால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. ரப்பர் மவுண்ட்டில் “இன்னும் கொஞ்சம் இறுக்கு” என்பது எப்போதும் நல்ல யோசனை இல்லை.

9. ஒரே ஒரு ஆர்பிஎம்ல மட்டும் விர்ர்ருங்குது. அதைத் தாண்டினா காணோம்.

பெரும்பாலும் இது ஒத்ததிர்வு. எல்லாப் பொருளுக்கும் சொந்தமாக ஒரு அதிர்வெண் உண்டு. எஞ்சினின் வேகம் அதோடு பொருந்தும்போது அந்தப் பொருள் துள்ளும். கிராஷ் கார்டு, நம்பர் பிளேட், சைலன்சரின் வெப்பத் தகடு, ஹெட்லைட் கவர், பின்னால் மாட்டிய பெட்டியின் ஸ்டாண்ட் எல்லாம் வழக்கமான குற்றவாளிகள்.

நியூட்ரலில் அந்த ஆர்பிஎம்மில் ஒருவர் பிடித்து நிறுத்த, இன்னொருவர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கட்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். சூடான சைலன்சரைத் தொடாமல் மரக்கட்டையால் அழுத்துங்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு ரப்பர் வாஷரோ சரியான இறுக்கமோ போதும். புதிதாக ஏதாவது மாட்டிய பிறகு வந்ததென்றால் அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

10. ஹேண்டில் மட்டும் அதிருது, அரை மணி நேரத்துல கை மரத்துப் போகுது.

ஹேண்டில் நுனியில் இருக்கும் இரும்பு எடை அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ஹேண்டில் பார் துள்ளும் அதிர்வெண்ணை, வழக்கமாக ஓட்டும் வேகத்திலிருந்து தள்ளி வைப்பதுதான் அதன் வேலை. நுனியில் கண்ணாடி மாட்டுவதற்காக அதைக் கழற்றிவிட்டு “எஞ்சின்ல ஏதோ போச்சு” என்று வருபவர்கள் உண்டு. எடையைத் திரும்ப மாட்டுங்கள். ஹேண்டில் கிளாம்ப் போல்ட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓட்டும் விதமும் கணக்கில் சேரும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அதிர்வு தோள் வரை ஏறும். முட்டியால் டேங்கை அணைத்து உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டு, கையை லேசாக வையுங்கள். இறங்கி வெகுநேரமான பிறகும் விரல் நுனி வெளுத்தோ மரத்தோ இருந்தால், பைக்கை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். போனை ஹேண்டிலில் மாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிக சக்தியுள்ள மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தையும் ஆட்டோஃபோக்கஸையும் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதிர்வைத் தணிக்கும் மவுண்ட் இல்லாமல் மாட்ட வேண்டாம்.

11. கைல ஒண்ணுமில்ல, சீட்லயும் ஃபுட்ரெஸ்ட்லயும்தான் தெரியுது.

சக்கரத் தாளமாக இருந்தால் கையில் தெரிவது பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டில் தெரிவது பின் சக்கரம். விர்ரென்ற கூச்சமாக ஃபுட்ரெஸ்ட்டில் மட்டும் இருந்தால் அதன் ரப்பர், போல்ட், பிறகு செயின் இறுக்கம், கீழ்ப்பக்க எஞ்சின் மவுண்ட். இடம் ஒரு துப்பு மட்டும்தான். இரும்பு வழியாக அதிர்வு எங்கு வேண்டுமானாலும் பயணம் செய்யும், அதனால் 2ஆம் பதிலின் சோதனைகளுக்குப் பிறகே இதை எடைபோடுங்கள்.

12. பிரேக் பிடிச்சா மட்டும் லீவர் விரலை உதைக்குது.

அவசரமாகப் பிடிக்கும்போது மட்டும், ஏபிஎஸ் உள்ள வண்டியில் என்றால், அது ஏபிஎஸ் வேலை செய்யும் துடிப்பு. கவலை வேண்டாம். மெதுவாகப் பிடிக்கும்போதும், சக்கரத்தின் தாளத்தில் வந்தால் டிஸ்க். பக்கவாட்டுக் கோட்டத்துக்குப் பல மேனுவல்களில் எல்லை 0.3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. 6ஆம் பதிலில் சொன்ன பென்சிலுக்கு இது பிடிபடாது, நுண்ணிய கோட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வேண்டும். டிஸ்க் வளையாமலே, ஒரு இடத்தில் பேட் பொருள் திட்டாக ஒட்டியிருந்தாலும் இதே உதைப்பு வரும். சூடான பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நின்றால் அப்படி ஒட்டும்.

டிரம் பிரேக்கில் டிரம் வட்டம் கெட்டு முட்டை வடிவமானால் லீவரோ பெடலோ துடிக்கும். ஸ்போக் கம்பிகளைக் கண்டபடி இறுக்கியதாலும் டிரம் கோணலாம். பிரேக் பிடிக்கும்போது லீவர் துடிக்காமல் ஹேண்டிலிலிருந்து ‘கடக்’ என்று ஒரு இடி வந்தால், அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

13. வேகம் குறையும்போது ஹேண்டில் தானா இடமும் வலமும் ஆடுது. பயமா இருக்கு.

பயப்பட வேண்டியதுதான், அதனால் கையை விட்டுவிட்டுச் சோதிக்காதீர்கள். ஹேண்டிலுக்கென்று இயல்பாக ஒரு ஆட்டம் உண்டு, நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 10 முறை. 3ஆம் பதிலின் கணக்கில் பார்த்தால், 30இலிருந்து 70 கி.மீ. வேகம் வரை சக்கரம் சுற்றுவதும் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 10. முன் சக்கரத்தில் சிறிய சமனின்மை இருந்தாலும் இந்த வேகங்களில் அது ஹேண்டிலை உசுப்பிவிடும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும் ஆடி அடங்குவது இதனால்தான்.

முதலில் முன் டயரின் காற்றும் தேய்மானமும். அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங். முன் சக்கரத்தை உயர்த்தி, ஃபோர்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். ஆட்டம் தெரிந்தால் தளர்வு. பிரேக்கில் வரும் ‘கடக்’ சத்தமும் இதுதான். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் பள்ளத்தில் விழுவது மாதிரி தட்டுப்பட்டால் கோன் குழி விழுந்துவிட்டது, இறுக்கி எதுவும் ஆகாது. தளர்வுக்குப் பயந்து அளவுக்கு மேல் இறுக்கினால் வண்டி நேராகப் போக மறுத்து அலையும்.

பின்னால் கனமான பெட்டி, சீட்டுக்கும் பின்னால் தள்ளி ஏற்றிய மூட்டை ஆகியவை இந்த ஆட்டத்தைக் கூட்டும். ஓடும்போது ஆட்டம் வந்தால் ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல், பிரேக்கை அறையாமல், ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக விடுங்கள்.

14. டாப் கியர்ல மெதுவா போனா வண்டி குலுங்குது. கிளம்பும்போதும் ஒரு உதறல்.

முதலாவது கோளாறே இல்லை. எஞ்சினின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகச் செயினை இடிக்கும் அளவுக்கு ஆர்பிஎம் இறங்கிவிட்டது. கியரைக் குறையுங்கள். கிளம்பும்போது வரும் உதறலுக்குக் கிளட்ச் தட்டுகள், கேபிள், கப்ளிங் ரப்பர் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

15. ஐட்லிங்ல நிக்கும்போதுதான் அதிருது, ஓட்டினா வெண்ணெய்.

ஐட்லிங் வேகம் மேனுவல் சொல்வதைவிடக் குறைந்திருக்கலாம். கார்புரேட்டர் வண்டியில் அதை ஒரு திருகில் சரிசெய்யலாம். பிளக், ஏர் ஃபில்டர், வால்வு இடைவெளி மூன்றில் ஒன்று கெட்டாலும் எஞ்சின் தாளம் தப்பும். இரண்டு, நாலு சிலிண்டர் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டரும் இழுக்கும் காற்று சமமாக இருக்க வேண்டும், வேக்கும் கேஜ் வைத்து அதைச் சமன் செய்வார்கள். இரட்டை சிலிண்டரில் ஒன்று வேலையே செய்யவில்லை என்றாலும் வண்டி ஓடும், சுரத்தில்லாமல் உதறிக்கொண்டு. கிளம்பிய சில நொடிகளில் இரண்டு சைலன்சர் குழாயும் ஒரே மாதிரி சூடேறுகிறதா என்று, தொடாமல், கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

16. எஞ்சின் இறக்கி வேலை பார்த்தாங்க. முன்னாடி இல்லாத அதிர்வு இப்ப.

பேலன்சர் உள்ள எஞ்சின் என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். கிராங்கின் பல்சக்கரத்திலும் பேலன்சரின் பல்சக்கரத்திலும் குறி இருக்கும், இரண்டும் நேராகப் பொருந்த வேண்டும். ஒரு பல் தவறினாலும், அதிர்வைத் தடுக்க வைத்த எடையே அதிர்வைக் கூட்டும். எந்தக் கியரிலும், நியூட்ரலிலும், ஆர்பிஎம் கூடக் கூட அதிர்வு சீராகக் கூடும். திறந்து பார்க்காமல் இதற்கு வழியில்லை.

கிராங்க் மாற்றியிருந்தாலோ கனெக்டிங் ராடு போட்டிருந்தாலோ, கிராங்கின் இரு பாதிகளும் ஒரே அச்சில் சேர்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். சிலிண்டரை அகலமாகக் கடைந்து (போர் செய்து) பெரிய பிஸ்டன் போட்டிருந்தால் அதன் எடை கூடியிருக்கும், அதனால் சுபாவம் லேசாக மாறலாம். பெரிய உதறலுக்கு அது காரணமாகாது. அதிர்வோடு அடிப்பக்கத்திலிருந்து ‘டொக் டொக்’ சத்தம் வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

17. போன்ல அதிர்வு அளக்கிற ஆப் இருக்காமே, அது உதவுமா?

உதவும், எல்லை தெரிந்தால். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப், போனின் முடுக்கமானியைப் படித்து எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று வரைந்து காட்டும். நொடிக்கு 200 முறை அளக்கும் போனில் 100 வரையிலான அதிர்வெண்ணைத்தான் நம்பலாம், அதாவது 6000 ஆர்பிஎம். அதற்கு மேல் உள்ளது பொய்யான ஒரு சின்ன எண்ணாக முகம் காட்டும். சக்கர அதிர்வுக்கு இது தாராளம், செயின் பல் சத்தத்துக்கு உதவாது.

போனை டேங்கின் மேல் டேப்பால் ஒட்டி, பதிவைத் தொடங்கிவிட்டு ஓட்டுங்கள், திரையைப் பார்க்காதீர்கள். ஒரே வேகத்தில் இரண்டு கியர்களில் பதிவெடுத்து, எந்த முகடு நகர்கிறது, எது அசையாமல் நிற்கிறது என்று வீட்டில் பாருங்கள். நகர்வது எஞ்சின். நிற்பது சக்கரமோ செயினோ.

18. எப்ப ஓட்டவே கூடாது?

சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிந்தால், ஆக்சில் நட் தளர்ந்திருந்தால், டயரில் எங்காவது புடைப்பு இருந்தால், ஃபிரேமிலோ மவுண்ட் தகட்டிலோ விரிசல் கண்டால், கோன் செட்டில் தெளிவான ஆட்டம் இருந்தால் வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அதிர்வு திடீரென்று பல மடங்கானால் ஓரம் கட்டிப் பாருங்கள், வீடு வரை போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

19. மெக்கானிக் ஓட்டினா மட்டும் வரவே மாட்டேங்குது. என்னை நம்ப மாட்டேங்குறார்.

“வைப்ரேஷன் இருக்கு” என்று மட்டும் சொன்னால் அவர் கடைவாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு “ஒண்ணுமில்லையே” என்பார். எந்த வேகம், எந்தக் கியர், முறுக்கும்போதா விடும்போதா, கிளட்ச் பிடித்தால் என்ன ஆகிறது, தனியாகவா பின்னால் ஆள் இருக்கும்போதா, எங்கே தெரிகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் நீங்கள் ஓட்ட, அவரைப் பின்னால் உட்கார வையுங்கள்.

வண்டி சூடான பிறகு மறையும் அதிர்வுகளும் உண்டு. பல நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். முதல் சில கிலோமீட்டர் தடதடத்து, ரப்பர் சூடேறியதும் வட்டத்துக்குத் திரும்பிவிடும். கடைக்கு ஓட்டிக்கொண்டு போவதற்குள்ளேயே அது சரியாகிவிடுவதால் அவர் கையில் எதுவும் தெரியாது. இந்த மாதிரி சந்தேகம் இருந்தால் முதல் நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள், மறுநாள் காலையில் ஆறிய வண்டியை அவரே எடுத்து ஓட்டிப் பார்க்கட்டும்.